வரம்பில் நின்று கூப்பிட்ட பேர்

மாவடிப்பள்ளி
14.11.1981

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லாரும் சுகம். எனக்குத் துணைக்கு இருக்கிற சபூறா சாச்சிக்கு மூட்டுவலி, ஆனால் அது அவவுக்கு சுகத்தில் சேர்த்தி. விதைப்பு முடிந்து பயிர் நல்லாய் முளைத்திருக்கிறது. வாப்பா மௌத்தாகி அடக்கிய பிறகு வருகிற முதல் போகம் இது. என் சீதனக் காணியை நானே செய்விப்பேன் என்று சொன்னபோது ஊரில் சிரித்தவர்கள் இப்போது வாயைக் கொஞ்சம் மூடியிருக்கிறார்கள். முழுதாக மூடவில்லை. அதற்குக் காரணம் உங்கள் நாய்.

நீங்கள் பிளேன் ஏறிய பிறகு வாப்பா சுட்டியனைச் சங்கிலியில் கட்டியே வைத்திருந்தார். இது பன்றிக் காலம். கட்டிக் கிடக்கிற நாயைப் பன்றி மதிக்குமா? அவிழ்த்து விட்டேன். விட்டதுதான் தாமதம், வயல் வட்டை முழுவதும் தனக்கே எழுதித் தந்த மாதிரி ஓடித் திரிகிறது. "வா" என்றால் நிற்கிறது. "வாடா" என்றால் திரும்பிப் பார்க்கிறது. கெஞ்சினால் கொட்டாவி விடுகிறது. நானும் சாச்சியும் மழைக்குள் வரம்பு வரம்பாய் அதன் பின்னால் திரிகிறோம். பயிர்க்காவலுக்குப் போட்ட வாடியில் எங்களுக்குக் காவல் அதுவா, அதற்குக் காவல் நாங்களா என்று தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை அது இந்த வட்டைக்குப் பொறுப்பான வட்டைவிதானை கலந்தருடைய கண்டுக்குட்டியைத் துரத்தி வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டது. கண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. விதானைக்குத்தான் தலை வெடித்துவிட்டது. தோட்டா போட்ட துவக்கையும் தூக்கிக்கொண்டு வாடி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்ச பாரு புள்ள, உண்ட வாப்பாட முகத்துக்காக இண்டைக்குச் சும்மா போறன். கதிர் வெட்டுக்கு நாள் வைக்கிற கூட்டம் வரைக்கும் தவணை. அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால நாயக் கூப்பிட்டுக் காட்டு. வந்தா அது உனக்கு. வராட்டி இந்தத் துவக்கு பாத்துக்கும்."

உங்கள் கூடப் பிறந்த காக்கா அபூசாலியும் பக்கத்தில்தான் நின்றார். பெரிய மச்சான் ஆயிற்றே, எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பார்த்தேன். சொன்னார். "நாயுமில்லாம ரெண்டு பொம்புளையள் எப்பிடிப் பயிரக் காக்கிற? காணிய எனக்குக் குத்தகைக்குத் தந்துட்டு ஊட்டுல இரி" என்றார். இந்தக் கதை அவர் நாக்கில் விதைப்புக்கு முன்பிருந்தே ஊறிக் கிடக்கிறது.

ஆக, விஷயம் இதுதான். நாய் போனால் காவல் போகும். காவல் போனால் காணி அவர் கைக்குப் போகும். நீங்கள் வட்டையில் நின்ற காலத்தில் அது உங்கள் காலடிக்குப் பறந்து வந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். எப்படிக் கூப்பிட்டீர்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள்.

உங்கள் நாயோடு மல்லுக்கட்டும்
ஸகியா


தம்மாம்
06.12.1981

ஸகியாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதத்தை நான் ஓட்டுகிற தண்ணீர்ப் பவுசருக்குள் இருந்தே வாசித்தேன். இங்கே தண்ணீர் ஏற்ற வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு ஓய்வு. எகிப்துக்கார மேலாளன் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப் போனான்.

சுட்டியனைக் கூப்பிட ஒரு வித்தையும் இல்லை. நான் "வா" என்பேன், அது வரும். நாய்க்கு ஆளைத் தெரியும் புள்ள. வினாயகபுரத்து நல்லரெத்தினம் அதைக் குட்டியாய்த் தந்தபோதே சொன்னான், இது ஒரு ஆளுக்குத்தான் அடங்கும் என்று. அந்த ஆள் நான், இங்கே மணலுக்குள் நிற்கிறேன், என்ன செய்வது?

சாய்ந்தமருது பக்கீர் முகைதீன் லீவில் வருகிறான். அவன் கையில் ஒரு கசெட் அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கம் உனக்கு. மறுபக்கம் முழுக்க சுட்டியனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன். கசெட் ரேடியோவை வரம்பில் வைத்துப் போடு, வரும். அறையில் இருந்த மலையாளத்தான் எனக்கு விசர் பிடித்துவிட்டதாக நினைத்தான்.

அதற்கும் வராவிட்டால் என் சொல்லைக் கேள். நாயை நல்லரெத்தினத்திடம் திருப்பிக் கொடு. காணியைக் காக்காவிடம் விடு. அது உன் காணிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நீ சேற்றுக்குள் நிற்கிறாய் என்று நினைத்தால் எனக்கு இங்கே ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. ஆனி மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். காணி காக்காவின் கையில் இருந்தால் மனம் ஆறி வைப்பேன்.

காலிதீன்


மாவடிப்பள்ளி
27.12.1981

மச்சானுக்கு ஸலாம்.

கசெட் கிடைத்தது. என் பக்கத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதை இன்னும் கேட்டு முடியவில்லை. சாச்சி பக்கத்தில் இருக்கிறா.

சுட்டியனின் பக்கத்தை, கசெட் வந்த அடுத்த நாள் காலையில் வரம்பில் வைத்துப் போட்டேன். உங்கள் சத்தம் கேட்டதும் அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது, பயிரைக் கிழித்துக்கொண்டு வந்தது. ரேடியோவைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பின்பக்கம் போய்ப் பார்த்தது. அடியில் தோண்டிப் பார்த்தது. உங்களைக் காணாமல் என் முகத்தைப் பார்த்து முனகியது. நான் அழுதுவிட்டேன் மச்சான், ஒளிப்பானேன். பின்னேரம் மறுபடி போட்டேன். மெல்ல நடந்து வந்தது. மறுநாள் போட்டபோது வந்து, மூக்கை வைத்து மோந்து, காலைத் தூக்கி ரேடியோவில் பெய்துவிட்டுப் போனது. பெட்டிக்குள் இருந்து கூப்பிடுகிற ஆளை அது நம்பவில்லை. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். சில நாளில் எனக்கும் அந்த யோசனைதான்.

ரேடியோவை ஏழு தரம் கழுவச் சொன்னா சாச்சி. நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம், அதில் ஒன்று மண் கரைத்த தண்ணீரால் என்பது சட்டம்தான். ஆனால் ரேடியோவைக் கழுவினால் அதன் மௌத்துக்குத்தான் தண்ணி வார்க்க வேண்டும். துணியை நனைத்து நனைத்துத் துடைத்தேன். இப்போது இலங்கை வானொலி சளி பிடித்த மாதிரிக் கேட்கிறது.

இனி உங்கள் களவைச் சொல்லுகிறேன். வாடிக் கூரையில் ஒழுக்கு. ஓலைக் கிடுகை விலக்கினால் உள்ளே உங்கள் கட்டம் போட்ட மண்ணிறச் சாறன்! சுருட்டிச் செருகியிருந்தது. முழங்காலில் இருந்து கீழே காய்ந்த சேறு, சேற்றோடு நாய் மயிர். அப்படியா சங்கதி! வீட்டில் நாய் வாசலைத் தாண்டினால் "நஜீஸ், நஜீஸ்" என்று அசுத்தம் பட்ட மாதிரிக் குதிக்கிற மனுசன், வாடியில் அதைக் காலில் சாய வைத்து, வாய்க்காலில் மண் தேய்த்துக் குளித்து, வேறு சாறன் மாற்றிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்.

சாறனைக் கையில் வைத்துக்கொண்டே நாங்கள் செய்கிறதை யோசித்தேன். நான் "சுட்டியா வா" என்கிறேன். அது வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. கிட்ட வந்ததும் தொழுகைக்கு எடுத்த உளு முறிந்துபோகும், உடுப்பில் மூக்கு படும் என்று ஓரடி பின்னுக்குப் போகிறேன். சாச்சி சேலையைத் தூக்கிக்கொண்டு "சீ, தள்ளு!" என்கிறா. அதுவும் பாவம், நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

"சாச்சி, கூப்பிடுறதும் நாமதான், ஓடுறதும் நாமதான். இதுக்கென்ன விசரா கிட்ட வர?" என்று கேட்டேன்.

"அப்ப நாயக் கட்டிப் புடிச்சிக்கிட்டுத் தொழுவமா?" என்றா சாச்சி.

பள்ளிவாசல் லெப்பையிடம் ஆள் விட்டுக் கேட்டேன். பயிர்க் காவலுக்கு நாய் வைக்கலாம், ஈரம் பட்டால் கழுவிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான், அதற்கு ஏன் இவ்வளவு ஓட்டம் என்றாராம். இப்போது வாடியில் எனக்கு நாய் உடுப்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது. கிழிந்த சேலை, மேலே வாப்பாவின் பழைய சேட்டு. லுஹர் தொழுகைக்கு முன்னால் வாய்க்காலில் கழுவி, உடுப்பு மாற்றி, சுத்தமாகத் தொழுகிறேன்.

ஒரு நெல்லுச் சாக்கை விரித்து அதன் பக்கத்தில் நிற்கிறேன். சுட்டியனின் கழுத்தில் நீளக் கயிறு. ஒரு தரம்தான் கூப்பிடுவேன். பத்துத் தரம் கூப்பிட்டால் ஒன்பது தரம் வராமல் இருக்கத்தான் அது படிக்கும். வந்தால் சாக்கில் வைத்துக் கருவாட்டுத் துண்டு ஒன்று, தலையில் ஒரு தடவல், பிறகு "ஓடு" என்று விட்டுவிடுவேன். கட்டுவதற்காக ஒரு நாளும் கூப்பிடுவதில்லை. எத்தனை கோபம் வந்தாலும் வந்த நாயை ஏசுவதில்லை. இன்று முதல் தரம் வந்து என் காலில் சாய்ந்தது. நான் பின்னுக்குப் போகவில்லை.

தூரத்தில் கண்டுக்குட்டிகளைக் கண்டால் இன்னும் காது கேட்காதவன் மாதிரித்தான் ஓடுகிறது. "வா" என்ற சொல்லை நாங்கள் கெடுத்துப்போட்டோம் போல. அதற்கும் ஒரு வழி வரும். காணியை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். நாயை நல்லரெத்தினத்துக்கும் கொடுக்கமாட்டேன்.

உங்கள் சாறனைத் துவைத்துக் காயப்போட்டிருக்கும்
ஸகியா


தம்மாம்
17.01.1982

ஸகியாவுக்கு,

சாறன் கதையை வாசித்துச் சிரித்துப் பதில் எழுதத்தான் தாளை எடுத்தேன். அதற்குள் காக்காவின் கடிதம் வந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

காக்கா எழுதியதை அப்படியே தருகிறேன்: "தம்பி, உனக்கு மறைக்க ஏலாது. உன் பெண்சாதி வட்டையில் நின்று 'மச்சான், மச்சான்' என்று கூப்பிடுகிறா. ஒரு நாள் இல்லை, இப்போது ஒவ்வொரு நாளும். ஆரைக் கூப்பிடுகிறா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. வட்டை முழுக்கக் காது."

எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தும் கேட்கிறேன். ஆரை? உன் வாயில் அந்தச் சொல்லுக்கு உரிய ஆள் ஒருவன்தான் என்று நினைத்துத்தான் நான் இங்கே வெயிலில் கருகுகிறேன். நேற்று ரோட்டைப் பார்க்காமல் ஓட்டி, ஏற்றிய தண்ணீரை வேறொருவன் வாசலில் இறக்கிவிட்டு வந்தேன்.

வாடியை விட்டு இறங்கு. காணியைக் காக்காவிடம் கொடு. நாயை என்னவாவது செய். இதற்கு மேல் எழுத என் கை ஓடவில்லை.

காலிதீன்


மாவடிப்பள்ளி
03.02.1982

காலிதீன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் உங்களை அந்தச் சொல்லால் கூப்பிடப் போவதில்லை. அதை இப்போது வைத்திருக்கிறவன் வேறு ஆள். அவனுக்கு நாலு கால், ஒரு வால், நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

நடந்ததைக் கேளுங்கள். தை பிறக்க முன்னால் ஒரு காலை, கயிற்றை அவிழ்த்துப் பழக்கிக்கொண்டிருந்தேன். பன்றி ஒன்று பற்றைக்குள் இருந்து கிளம்பியது. சுட்டியன் அதன் பின்னால் பாய்ந்தான். அந்தப் பக்கம் பன்றிக்கு ஆரோ கட்டுத்துவக்கு வைத்திருந்தார்கள். கம்பியில் கால் தட்டினால் வெடிக்கிற துவக்கு, உங்களுக்குத் தெரியும். பற்றைக்குள் கம்பி மினுங்கியது எனக்குத் தெரிந்தது. "சுட்டியா, வா!" என்றேன். திரும்பவில்லை. இனி வெடிதான். அப்போது என் வாய் தானாகக் கத்தியது. "மச்சான்!"

நான் உங்களைத்தான் கூப்பிட்டேன். பயத்தில் வேறு ஆரைக் கூப்பிடுவேன்? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குக் கேட்காது என்று அந்த நேரம் யோசிக்கவில்லை. உங்களுக்குக் கேட்கவில்லை. சுட்டியனுக்குக் கேட்டது. பாய்ந்த வேகத்தில் சறுக்கித் திரும்பி, ஒரே ஓட்டமாக வந்து என் காலடியில் சாக்கில் குந்தினான்.

வாடியில் இருந்து யோசித்துப் பார்த்தேன். கலியாணம் முடித்த நாளில் இருந்து நீங்கள் பிளேன் ஏறும் வரைக்கும், மத்தியானச் சோற்றைக் கொண்டுவந்து அதே வரம்பில் நின்று "மச்சான்" என்று ஒரு சத்தம் வைப்பேன். நீங்கள் வருவீர்கள். உங்கள் பின்னால் அவன் வருவான். மீன் தலை அவனுக்கு. மற்ற எல்லாரும் சொன்ன "வா"வுக்குப் பின்னால் ஏச்சும் சங்கிலியும்தான் வந்தது. "மச்சான்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நாளும் பொய் வந்ததில்லை. இத்தனை நாளாகியும் மறக்காமல் வைத்திருக்கிறான்.

வெட்கத்தில் இதை உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். வேறு சொல் பழக்கலாம் என்றும் பார்த்தேன். கூட்டத்துக்கு முன்னால் அதற்கு நாள் போதாது. உயிரைக் காக்கிற சொல் கையில் இருக்கும்போது அதை வெட்கத்துக்குப் பயந்து விட ஏலுமா? அதனால்தான் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டேன். ஓம், சத்தமாகத்தான் கூப்பிட்டேன். உங்கள் காக்கா வரம்பில் மறைந்து நின்று காதைத் தீட்டினவர், கழுத்தைக் கொஞ்சம் நீட்டியிருந்தால் ஆர் வருகிறார் என்றும் கண்டிருப்பார்.

நீங்கள் என்னிடம் "ஆரை?" என்று கேட்டீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் மூன்று நாள் சோறு தின்னவில்லை. சாச்சி கூட ஏசவில்லை, பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினா. நாயைப் பழக்கும்போது நான் படித்த ஒன்றைச் சொல்லுகிறேன்: கிட்ட வருகிறவரைத் தள்ளி நில் என்றால் அடுத்த தரம் அவர் வரமாட்டார். நாய்க்கு மட்டும் இது என்று நினைக்காதீர்கள்.

கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால், உங்கள் காக்காவுக்கும் முன்னால், அதே சொல்லால்தான் கூப்பிடுவேன். வந்தால் காணியும் நாயும் எனக்கு. கூட்டம் முடியும் வரை என்னிடம் இருந்து கடிதம் வராது.

ஸகியா


தம்மாம்
17.02.1982

என் ஸகியாவுக்கு,

நீ எழுதமாட்டாய் என்று தெரியும். நான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டுப் பவுசரை ரோட்டோரம் நிறுத்தி அழுதேன். பிறகு அதே இடத்தில் சிரித்தேன். எகிப்துக்காரன் வந்து நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தான். பயத்தில் நீ என்னைக் கூப்பிட்டாய். அதைக் கொண்டுபோய் நான் "ஆரை?" என்று கேட்டேன். என்னைப் போல ஒரு மடையன் இந்தப் பாலைவனத்தில் இல்லை புள்ள. என்னை மன்னித்துக்கொள்.

காக்காவுக்கும் எழுதிவிட்டேன். காணி ஸகியாவுடையது, அவ செய்கிறா, குத்தகைக் கதை இனி வேண்டாம் என்று. அவர் கோபித்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. நான் "வா" என்று கூப்பிட்டதாக உனக்குப் பெருமையாக எழுதினேனே, அது மெய்தானா என்று இப்போது யோசிக்கிறேன். அவன் பறந்து வந்தது எல்லாம் மத்தியானத்தில்தான். கூப்பிட்டது நீ. வந்த நாய்க்கு முன்னால் நடந்து வந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

கூட்டத்தில் கூப்பிடு. நல்லாய்ச் சத்தமாகக் கூப்பிடு. நான் சொன்னேன் என்று சொல்லு.

உன் காலிதீன்


மாவடிப்பள்ளி
08.03.1982

அன்புள்ள மச்சான்,

பாருங்கள், சொல்லைத் திருப்பித் தந்துவிட்டேன். உங்கள் கடிதம் கூட்டத்துக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. ஒரு நாள் பிந்தியிருந்தாலும் கூப்பிட்டுத்தான் இருப்பேன். ஆனாலும் வந்தது நல்லது. சேட்டுப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனேன்.

நேற்றுக் காலை, வாய்க்கால் கட்டில் கூட்டம். வட்டைக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். வெட்டுக்கு நாள் வைத்து முடிந்ததும் விதானை கலந்தர் என் பக்கம் திரும்பினார். மடியில் துவக்கு. பெரிய மச்சான் கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். உங்கள் கடிதம் அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும், முகம் புளித்திருந்தது. நான் நாய் உடுப்போடுதான் போனேன். அதைப் பார்த்து ஆரோ சிரித்தார்கள். சாக்கை விரித்தேன். சுட்டியனின் கழுத்தில் கயிறு இல்லை.

"சரி, பாப்பம்" என்று சொல்லிவிட்டு விதானை தன்னுடைய கண்டை அவிழ்த்துவிட்டார். அதே கண்டுதான், இப்போது நல்லாய் வளர்ந்துவிட்டது. ஒரு தட்டுத் தட்டினார். அது துள்ளிக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடியது. சுட்டியன் எழும்பினான். என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு பாய்ந்துவிட்டான்.

மச்சான், அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் எப்படி வாயைத் திறப்பது? சுட்டியன் கண்டுக்குக் கிட்டப் போய்விட்டான். விதானையின் கை துவக்கின் பக்கம் போனது. சாச்சி பின்னால் இருந்து, "கூப்பிடு புள்ள! ஆருக்கு வெட்கம்? கூப்பிடு!" என்று என் முதுகில் குத்தினா. ஓம், நம் சபூறா சாச்சிதான்!

முக்காட்டைச் சரிப்படுத்தினேன். ஒரு தரம்தான் கூப்பிட்டேன்.

"மச்சான்!"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கொக்கெல்லாம் எழும்பியது. சுட்டியன் சேற்றைக் கிளப்பிக்கொண்டு திரும்பினான். கண்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. காதைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரே நேராக வந்து சாக்கில் குந்தி, சேறு வழிகிற தலையை என் முழங்காலில் வைத்தான். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் ஓரடி கூடப் பின்னுக்குப் போகவில்லை.

இதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. நான் சத்தம் வைத்த உடனே, முன்வரிசையில் நின்ற பெரிய மச்சான், தன்னையறியாமல் "ஓ, என்ன புள்ள?" என்று இரண்டடி முன்னுக்கு வந்துவிட்டார்! அவரும் எனக்கு மச்சான்தானே. நாயும் அவரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள்.

விதானை பார்த்தார். "நாய் வந்துட்டு அபூசாலி. நீ எங்க வாறா?" என்றார்.

கூட்டம் சிரித்த சிரிப்பு பாலத்தடி வரைக்கும் கேட்டிருக்கும். வரம்பில் நின்ற ஒருவர் சிரித்துச் சிரித்து வாய்க்காலுக்குள்ளேயே விழுந்தார். பெரிய மச்சானுக்கு முகம் முதலில் கறுத்தது. பிறகு சுட்டியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நீ இவ்வளவு நாளும் இதையா கூப்பிட்ட?" என்றார்.

"ஓம் பெரிய மச்சான். உங்களக் கூப்பிட்டிருந்தா நீங்க வந்திருப்பீங்களே" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே தலையைக் குனிந்துகொண்டார்.

விதானை துவக்கைச் சாய்த்து வைத்துவிட்டு எழும்பினார். "எல்லாரும் கேளுங்க. இந்த நாயில ஆரும் கை வைக்கப்படாது. இந்தப் புள்ளைட காணியப் பத்தியும் ஆரும் கதைக்கப்படாது" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்: "எண்ட நாயையும் பழக்கித் தருவியா? ஆனா வேற பேர் சொல்லிப் பழக்கு. இந்தப் பேரெண்டா எண்ட ஊட்டுல எனக்குச் சோறு கிடையா, நாய்க்குத்தான்."

பின்னேரம் பெரிய மச்சான் வாடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றார். "தம்பிக்குப் பிழையா எழுதிப்போட்டன். நெல்லுச் சூடடிக்க எண்ட மெசினக் கொண்டு வாறன், மறுக்காத" என்றார். மறுக்கவில்லை. உழைக்கட்டும்.

கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. வாப்பாவின் காலத்தில் கூட இப்படிக் கதிரை நான் கண்டதில்லை. பன்றி ஒரு மூலையைக் கூடத் தொடவில்லை. மச்சான், நான் வென்றுவிட்டேன்! இதை ஆரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. வட்டையில் கத்தினால் சுட்டியன் ஓடி வந்துவிடுவான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் ஸகியா


தம்மாம்
28.03.1982

என் ஸகியாவுக்கு,

உன் கடிதத்தை அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். மலையாளத்தானுக்கு "மச்சான்" விளங்கியது, எகிப்துக்காரனுக்கு விளங்கப்படுத்தினோம். அவன் இப்போது என்னைக் கண்டால் "மச்சான்!" என்று கூப்பிட்டுவிட்டு ஒரு துண்டு ரொட்டியை நீட்டுகிறான். காக்கா முன்னுக்கு வந்த இடத்தை மட்டும் நாலு தரம் வாசிக்கச் சொன்னார்கள்.

கையெழுத்து வைக்கச் சொல்லித் தாளை நீட்டினார்கள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காக்க ஆளில்லாமல் காணி கிடக்கிறது என்று வருகிறேன் என்று நினைக்காதே. அது உன் கையில் பத்திரமாக இருக்கிறது. மத்தியானம் ஆகும்போது இங்கே ஒருவரும் என்னைக் கூப்பிடுகிறதில்லை. அதற்காகத்தான் வருகிறேன்.

ஆடி முதல் கிழமை வந்து சேருவேன். கொழும்புக்கு ஆரையும் அனுப்பாதே. கல்முனை பஸ்ஸில் பாலத்தடியில் இறங்கி, நடந்து வட்டைக்கு வருவேன். நீ சோற்றைக் கொண்டுவந்து அதே வரம்பில் நின்று ஒரு சத்தம் வை. நானா அவனா முந்தி வருகிறோம் என்று பார்ப்போம். என்னுடைய மண்ணிறச் சாறனை எடுத்து வை. இனி அதைக் கூரைக்குள் செருகத் தேவையில்லை.

ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது. அவன் என்னை மறந்திருப்பானோ? நான் பிந்திவிட்டால், இன்னும் ஒரு தரம் கூப்பிடுவாய்தானே?

உன் காலிதீன்


மாவடிப்பள்ளி
14.04.1982

மச்சானுக்கு,

மறக்கமாட்டான். உங்கள் சாறனைக் காயப்போட்ட கொடியின் கீழேதான் படுத்துக் கிடக்கிறான்.

சாக்கு பெரிது, இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது. மீன் தலை ஒன்றுதான். முந்தி வருகிறவருக்கு அது.

ஆனால் இங்கத்தைய பழக்கத்தை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு கோபிக்க வேண்டாம். நான் ஒரு தரம்தான் கூப்பிடுவேன்.

ஸகியா